அறுந்துபோன நாற்பத்தேழு இணைப்புகள்

பேகம்பூர், திண்டுக்கல்
3 ஜூன் 2025

பிரிஸ்கில்லாவுக்கு,

நலமா என்று தொடங்கினால் கிழித்துப் போட்டுவிடுவாய், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். வலையில் நீ இருக்கிற பக்கத்தை நானே அடைத்துவிட்டேன். மிச்சமிருப்பது தபால் ஒன்றுதான். உன் சென்னை விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். "ரெண்டு கழுதைகளுக்கும் நடுவுல நான் வேற" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள்.

நாம் எதற்காகக் குடகனாறு சர்வரை ஆரம்பித்தோம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்வேன், கோபத்தில் இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு பெரிய கம்பெனியின் தளத்தில் நீ பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். காதுக்குள் கருவி வைத்த பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்கப் பழக்குவது என்று அம்மாக்களுக்குத் தினம் ஒரு வீடியோ. பிள்ளைகள் படம் அதிகமாக இருக்கிறது என்று ஏதோ ஒரு இயந்திரம் பார்த்து, ஒரே ராத்திரியில் உன் பக்கத்தை மூடிவிட்டது. கேட்பதற்கு அங்கே ஒரு மனுஷனும் இல்லை. ஒரே கம்பெனியின் கையில் இல்லாத வலை ஒன்று இருக்கிறது, ஊருக்கு ஒருவர் சர்வர் வைத்துக்கொள்ளலாம், ஒரு சர்வரில் இருப்பவர்கள் இன்னொன்றில் இருப்பவர்களோடு பேசலாம் என்று நான்தான் படித்துவிட்டு வந்து சொன்னேன். என் மாடி அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் சர்வர் பெட்டியை வைத்தோம். போன் நம்பர் கேட்க மாட்டோம், சொந்தப் பெயர் கேட்க மாட்டோம் என்று நீ சட்டம் போட்டாய். நாற்பத்தேழு அம்மாக்கள் வந்தார்கள்.

மே 12ஆம் தேதி உன் கணக்கை எடுத்துக்கொண்டு பெருவெளி என்கிற பெரிய சர்வருக்குப் போய்விட்டாய். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. வாடகை வீடு மாறுகிறவர்கள்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்து உன் பழைய பக்கத்தில் "இவர் இடம் மாறிவிட்டார்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

மே 26 அன்று, சர்வரில் உதவிக்கென்று நான் போட்டிருக்கும் என் நம்பருக்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து அன்புக்கரசி கூப்பிட்டார். மகிழினியின் அம்மா. அழுகையில் பாதி புரியவில்லை. அந்தப் பிள்ளை 'ஆ' சொல்லிப் பழகும் வீடியோவை பெருவெளியில் இருக்கும் சில பசங்கள் எடுத்து, ஆடு கத்துகிற சத்தத்தைச் சேர்த்து, சிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பெருவெளிக்காரர்களுக்குப் புகார் எழுதினேன். மூன்று நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. 29ஆம் தேதி காலையில் பெருவெளி முழுவதையும் நம் சர்வரிலிருந்து துண்டித்தேன். அவர்கள் நம்மைப் பார்க்க முடியாது, நாம் அவர்களைப் பார்க்க முடியாது.

நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தேதான் செய்தேன். பசங்கள் அடங்கியதும் திறந்துவிடலாம், உன் பாடம் நான்கு நாள் நின்றால் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தேன். உன்னைப் பழிவாங்கத்தான் செய்தேன் என்று நீ அன்று போனில் கத்தினாய். அது பொய். பாதிப் பொய் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

பதில் எழுது.

சல்மா

* * *

சேத்துப்பட்டு, சென்னை
9 ஜூன் 2025

சல்மா,

கடிதம் வந்தது. திட்டுவதற்காகவே பதில் எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஒன்பது நாள் உன் பெட்டி நிரம்பி நின்றது. நீ தங்கச்சி நிக்காஹுக்காக உத்தமபாளையம் போயிருந்தாய். போனதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் யாருடைய வீடியோவும் ஒழுங்காக வரவில்லை. ஆத்தூர் ரோஸ்மேரி, தன் பையனின் கருவியில் சத்தமே வரவில்லை போலிருக்கிறது என்று அனுப்பியது எனக்கு ஆறாம் நாள் வந்து சேர்ந்தது. ஆறு நாள் அந்தப் பையன் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறான். உன்னை எத்தனை முறை கூப்பிட்டேன் என்று உன் போனையே கேள். உலகத்தில் அந்தப் பெட்டியின் சாவி ஒரே ஆளிடம் இருந்தது, அந்த ஆள் கல்யாண வீட்டில் இருந்தாள்.

அதனால்தான் போனேன். பெருவெளியில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், அது நிற்பதில்லை. இடம் மாறினால் பின்தொடர்கிறவர்கள் தானாகவே புது விலாசத்துக்கு வந்துவிடுவார்கள் என்று உறுதிசெய்த பிறகே மாறினேன். நாற்பத்தேழு பேரும் வந்தார்கள். நான் போட்டிருந்த இருநூற்றுப் பதினான்கு பாடங்கள் மட்டும் வராது, அவை உன் பெட்டியிலேயே கிடக்கும் என்பது தெரியும். மனசு கேட்கவில்லைதான். இருந்தாலும் இனி வரும் பாடம் முக்கியம் என்று போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் இருந்துவிடுவேன். இருந்துவிட்டால் அடுத்த முறை எட்டு நாளோ பத்து நாளோ. இவ்வளவுதான் காரணம்.

இப்போது உன் விஷயம். நான்கு நாள் நின்றால் குடிமுழுகாது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளைகளுக்குக் கருவி வைத்த முதல் வருஷம் எப்படிப்பட்டது என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நீ. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அம்மா ஒரு ஒலி சொல்ல வேண்டும். காதில் விழுந்ததும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். காலையில் ஆறு ஒலி, தினமும். விட்டால் பிள்ளை மறந்துவிடும், அதைவிட வேகமாக அம்மா சோர்ந்துவிடுவாள். தினமும் ஆறரை மணிக்கு நான் வந்து நிற்பதால்தான் அவர்களும் எழுந்து உட்காருகிறார்கள். இன்றோடு பன்னிரண்டு நாள் நான் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் எந்தக் காரணமும் தெரியாது. டீச்சர் சென்னைக்குப் போனாள், புது வேலை கிடைத்தது, நம்மை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல என்னிடம் ஒரு நம்பர்கூட இல்லை. சட்டம் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கண்டவன் கூப்பிட்டு அந்தப் பெண்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போட்டது.

திற. இன்றே திற. திண்டுக்கல்காரிக்குப் பூட்ட மட்டும்தான் தெரியும் என்று ஊர் சொல்ல வேண்டாம்.

பிரிஸ்கில்லா

* * *

பேகம்பூர்
14 ஜூன் 2025

பிரிஸ்கி,

உன் கடிதம் வந்த வியாழக்கிழமையே பெருவெளிக்குப் போட்ட தடையை எடுத்தேன். உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பின்தொடர்கிறவர்கள் என்ற இடத்தில் நம் ஆட்கள் ஒருவர்கூட இல்லை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தேன். லேப் முடிந்து வந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னும் பின்னும் பார்த்தேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். ஒரு சர்வரை முழுவதும் துண்டித்தால் இரண்டு பக்கமும் உள்ள பின்தொடரல்கள் அந்த நிமிஷமே அழிந்துவிடும். திரும்பத் திறந்தாலும் அவை வராது. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் திரையில் வந்த எச்சரிக்கைப் பெட்டியிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். பாதி படித்துவிட்டு அழுத்திவிட்டேன். அதற்குக் கீழேயே இன்னொரு வழியும் இருந்தது. அந்தச் சர்வர்காரர்கள் பேசுவதைப் பொதுவில் மறைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள இணைப்பை விட்டுவைக்கலாம். அதைச் செய்திருந்தால் மகிழினியும் தப்பித்திருப்பாள், உன் பாடமும் நின்றிருக்காது. தப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகளிடம் "வாசிச்சுட்டு அமுக்குங்க" என்று தினம் கத்துகிறவள் நான்.

சர்வரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவிப்பு ஒன்று போட்டேன். "பிரிஸ்கில்லா டீச்சர் எங்கும் போகவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சல்மா செய்த தவறால் இணைப்பு அறுந்தது. இந்த விலாசத்தில் டீச்சரை மறுபடி பின்தொடருங்கள்." ஒரு நாளில் பத்தொன்பது பேர் அழுத்தியிருக்கிறார்கள். மீதி இருபத்தெட்டுப் பேர் சர்வருக்குள்ளேயே வரவில்லை. பாடம் வராததால் திறப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நிர்வாகி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், இந்தச் சர்வரில் இருக்கும் எல்லாக் கணக்கும் உன்னைப் பின்தொடரும்படி செய்துவிடலாம். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். நேற்று அதைத் தட்டச்சு செய்துவிட்டு, கடைசி விசையில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

சல்மா

* * *

சென்னை
19 ஜூன் 2025

சல்மா,

தவறு என்னுடையது என்று நீ எழுதி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

கட்டளையைக் கொடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவர்கள் ஏற்கெனவே என்னைப் பின்தொடர்ந்தவர்கள். அறுந்ததை ஒட்டுகிறாய், அவ்வளவுதான். இருபத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்திரண்டு நாள். ஒரு நாளைக்கு ஒரு ஒலி என்றாலும் கணக்குப் போட்டுப் பார்.

உன் எண்ணைப் போனில் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே. பேசினால் சண்டை போட்டுவிடுவேன். எழுதும்போது கொஞ்சம் மனுஷியாக இருக்கிறேன்.

பிரிஸ்கில்லா

* * *

பேகம்பூர்
29 ஜூன் 2025

பிரிஸ்கி,

கட்டளையைக் கொடுக்கவில்லை. கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நான் ஒருத்தி மாடியில் உட்கார்ந்து, நாற்பத்தேழு பேரைக் கேட்காமல் ஒரு பொத்தானை அழுத்தினதால்தான் இவ்வளவும் வந்தது. இப்போது மறுபடியும் அதே மாடியில் உட்கார்ந்து, அவர்களைக் கேட்காமல் இன்னொரு பொத்தானை அழுத்தச் சொல்கிறாய். இரண்டாவது நல்லதுக்குத்தான் என்கிறாய். முதலாவதையும் நான் நல்லதுக்கென்றுதான் செய்தேன். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, அவரவர் கையால் அழுத்த வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

தேடுவது லேசாக இல்லை. அணில், மஞ்சள் குடை, வெள்ளைப் பூசணி, இரட்டைவால் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் யார், எந்த ஊர் என்றே தெரியாது. கருவியைச் சரிபார்க்கச் சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவருவார்கள் இல்லையா, அந்தக் கட்டிடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். காதுக்குப் பின்னால் கருவி மாட்டிய பிள்ளையோடு யார் வந்தாலும் எழுந்துபோய், "நீங்க குடகனாறுல இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒரு அம்மா ஆற்றின் பெயரைக் கேட்டதும் என்னை மீன் விற்க வந்தவள் என்று நினைத்து, "இன்னைக்கு வேணாம்மா" என்றார். பன்னிரண்டு பேரைப் பிடித்தேன். ஆத்தூர் ரோஸ்மேரி தனக்குத் தெரிந்த மூன்று பேரிடம் கூட்டிப்போனார். அவர் வீட்டில் கத்தரிக்காய் வெஞ்சனமும் சோறும் போட்டு, "டீச்சரம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாகன்னுல்ல நெனச்சோம்" என்றார். அவர் பையன் நன்றாகக் கேட்கிறான். பழைய பாடங்களை முதலிலிருந்து மறுபடி ஓட்டியிருக்கிறார். ஆக இன்றுவரை முப்பத்து நான்கு பேர்.

இன்று காலை பழனி பஸ் ஏறி நெய்க்காரப்பட்டி போனேன். அன்புக்கரசி வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார். "உள்ளார வாங்க" என்று சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொதங்கெழம டீச்சருக்கு எழுதினனுங்க, எம்புள்ளையப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு. வியாழக்கெழம காலைல டீச்சர் வரலைங்க. அடுத்த நாளும் வரலைங்க. குத்தம் சொன்னதுக்குக் கோவிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சனுங்க. எங்க வீட்டுக்காரரும் 'உன் வாய வெச்சுட்டுச் சும்மா இருந்தாத்தான் என்ன'ன்னு ஏசுனாருங்க."

மகிழினியின் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி அலமாரியில் ஒரு சில்வர் டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரு மாசமாக மாட்டவில்லை. மாட்டினால் பிள்ளை பிய்த்து எறிகிறாள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்க ஆளில்லை. நான் அங்கே இருந்த இரண்டு மணி நேரமும் அவள் என் முதுகுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதற்கு ஒரு முறையும் திரும்பவில்லை.

போனை எடுத்து உன் பக்கத்தைக் காட்டி, அழுத்துங்கள் என்றேன். "நான் அமுக்க மாட்டனுங்க" என்றார். "டீச்சர் இருக்கற எடத்துலதான அந்தப் பசங்களும் இருக்காங்க? அங்க எம்புள்ளைய ஏன் அனுப்போணும்?" நீ அந்தக் கட்டளையைக் கொடுக்கச் சொன்னாயே, கொடுத்திருந்தால் இந்த மனுஷியையும் அவருக்குத் தெரியாமலே அங்கே இழுத்துப் போயிருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். வீடியோக்கள் முன்பெல்லாம் பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி இருந்தனவாம். மே மாசம் நடுவில் "எல்லோருக்கும்" என்று மாற்றச் சொன்னது டீச்சர்தானாம். இது உண்மையா, பிரிஸ்கி?

சல்மா

* * *

நெய்க்காரப்பட்டி
6 ஜூலை 2025

சல்மா,

உண்மை.

புது இடத்துக்குப் போன முதல் வாரம், பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் என்று போட்ட வீடியோக்கள் எனக்கு இரண்டு நாள் மூன்று நாள் கழித்து வந்தன, சில வரவேயில்லை. பொதுவில் போட்டவை உடனே வந்தன. காரணம் என்ன என்று உன்னைக் கேட்டிருந்தால் அரைமணியில் சொல்லியிருப்பாய். கேட்டால் நான் இடம் மாறியது தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. தெரிந்த பிறகு கேட்க வெட்கமாக இருந்தது. "எல்லாரும் வீடியோவை எல்லோருக்கும் என்று மாற்றி வைங்க, அப்பத்தான் எனக்குச் சீக்கிரம் வருது" என்று ஒரே வரியில் எழுதினேன். அவர்கள் மாற்றினார்கள். டீச்சர் சொன்னால் மாற்றத்தானே செய்வார்கள். அந்தப் பசங்கள் கைக்கு மகிழினியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். உன்னைத் திட்டி எழுதிய ஒவ்வொரு வரியிலும் எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் திட்டினேன்.

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. பத்து நாள் லீவு போட்டுவிட்டு அன்றே பஸ் ஏறினேன். வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு அன்புக்கரசி வீட்டு வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார். வாசல்படியில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொண்டு போகவில்லை என்றும், நீங்கள் எழுதியது என்னிடம் வந்து சேரும் முன்பே இணைப்பு அறுந்துவிட்டது என்றும் சொன்னேன். வீடியோவைப் பொதுவில் வைக்கச் சொன்னது என் தவறு என்றும் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் இட்லியோடு வந்தார். "தின்னுட்டுப் பேசுங்க" என்றார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டேன். முதல் நாள் மகிழினி கருவியை நான்கு முறை பிய்த்து எறிந்தாள். சத்தத்தைக் குறைத்து வைத்து, இரண்டு நிமிஷம் மாட்டிக் கழற்றி, மறுபடி இரண்டு நிமிஷம் மாட்டி, இப்படியே அன்றைய பகல் போயிற்று. வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் தாங்கினாள். புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தால் டம்ளரில் போடாமல் வாயில் போட்டுக்கொண்டாள். மார்ச்சில் ஆறு ஒலிக்கும் கொட்டை போட்ட பிள்ளை இவள். கொட்டையை வாயிலிருந்து எடுத்துத் துடைத்தேன். அன்புக்கரசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்திரிங்க டீச்சர், நான் பாக்கறேன்" என்று என் இடத்தில் உட்கார்ந்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு 'ஊ' என்றார். ஒன்றுமில்லை. மறுபடி, மறுபடி. எத்தனை முறை என்று எண்ணவில்லை.

இன்று காலை சர்ச்சுக்குப் போகவில்லை, அம்மாவிடம் சொல்லாதே. எட்டு மணி வாக்கில் அன்புக்கரசி 'ஆ' என்றார். மகிழினி கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள், பிறகு டம்ளரில் போட்டாள். மற்ற ஐந்து ஒலிக்கும் அசையவில்லை. ஒரு மாசத்தில் ஐந்து ஒலி போய்விட்டது, திரும்பச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதிப்போம்.

சாப்பிடும்போது அன்புக்கரசியிடம் கேட்டேன், நான் என்ன செய்தால் நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று. அவர் யோசித்து வைத்திருக்கிறார். "நீங்க பழைய எடத்துக்கே வந்துருங்க. அங்க சாவி சல்மாக்காகிட்ட மட்டும் இருக்கக்கூடாதுங்க, உங்ககிட்டயும் வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டா எங்க புள்ளைக காதுதான் அடைக்குது. எங்கள்ல ஒருத்தருகிட்டக் குடுங்க."

அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நீயும் நானும் எம்.எஸ்சி. நமக்கு இது தோன்றவில்லை பார்.

நான் சம்மதித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் சம்மதித்தேன், அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

பிரிஸ்கில்லா

* * *

பேகம்பூர்
14 ஜூலை 2025

பிரிஸ்கி,

திட்டவில்லை. உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு வாப்பாவின் பழைய நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மே மாசம் நீ என்னை ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டிருக்கிறாய். நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அடைத்திருக்கிறேன். இருபது வருஷமாக ஒரே தட்டில் பிரியாணி தின்றவர்கள் நாம். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீ சென்னைக்குத் திரும்பின மறுநாள், சனிக்கிழமை, அன்புக்கரசியை இங்கே வரச் சொன்னேன். மகிழினியோடு வந்தார். பிள்ளை காதில் கருவி இருந்தது. மாடியில் உட்கார வைத்து நிர்வாகப் பக்கம் முழுவதையும் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகப் படிக்கிறார். ஒவ்வொரு பொத்தானுக்கும் முன்னால் வரும் பெட்டியைச் சத்தம்போட்டு வாசித்து, "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். காலை பத்து மணிக்குத் தொடங்கியது, முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டி நிரம்பினால் அவருக்கும் செய்தி போகும். வீடியோ போட்டால் முதலில் பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் என்றே இருக்கும்படி மாற்றிவிட்டோம். உனக்கு ஏன் தாமதமாக வந்தது என்பதையும் கண்டுபிடித்தேன். வரிசையில் காத்திருந்த பழைய செய்திகளின் குப்பை, வேறொன்றுமில்லை. சுத்தம் செய்ய அரைமணிகூட ஆகவில்லை.

சாவி கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பெருவெளியை அடைக்க வேண்டும் என்றார்.

"மறுபடியுமா?" என்றேன். "நீங்க செஞ்சது தப்பில்லைங்கக்கா. செஞ்ச விதந்தான் தப்பு" என்றார். உட்கார்ந்து சர்வரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு அறிவிப்பை அவரே எழுதினார். நான் எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்:

"பெருவெளியில் நம் பிள்ளைகளைக் கேலி செய்தவர்களை அவர்கள் இன்னும் வெளியேற்றவில்லை. ஜூலை 20 ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்தப் பக்கத்தை அடைக்கலாம் என்று இருக்கிறேன். அடைத்தால் அங்கே உள்ளவர்களோடு உங்களுக்கு இருக்கும் இணைப்பு அழிந்துவிடும், திரும்ப வராது. அங்கே வேண்டியவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் சொல்லிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று நினைப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். பத்துப் பேர் வேண்டாமென்றால் அடைக்க மாட்டேன். அன்புக்கரசி, மகிழினி அம்மா."

சொந்தப் பெயரில் போட்டார். வேண்டாம் என்று இதுவரை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பதில் போட்டிருக்கிறார். உனக்கும் ஒரு செய்தி சொல்லச் சொன்னார். "டீச்சர் சாமானெல்லாம் எடுத்துட்டு அதுக்குள்ளார வந்துரச் சொல்லுங்க. ஆறு மணின்னா ஆறு மணிதானுங்க."

மீதிப் பன்னிரண்டு பேரையும் பிடித்துவிட்டேன். கடைசி ஆள் இரட்டைவால். எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி இருக்கிறார். தேடி அலைந்த இரண்டு வாரமும் தினம் அவர் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போயிருக்கிறேன்.

வந்துவிடு.

சல்மா

* * *

சென்னை
22 ஜூலை 2025

சல்மா,

வியாழக்கிழமை பழைய கணக்கைத் திறந்தேன். "இவர் இடம் மாறிவிட்டார்" என்ற வரியை எடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு பாடங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன. இனி நான் ஏற்றுக்கொண்டால்தான் யாரும் சேர முடியும் என்று வைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் யார் வருகிறார்கள் என்று நான் பார்த்ததேயில்லை. இந்த முறை ஒவ்வொரு பெயரையும் படித்து, பிள்ளை முகத்தை நினைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முடியும்போது முப்பத்தெட்டுப் பேர், சனிக்கிழமை நாற்பத்து மூன்று.

அன்புக்கரசி வரவில்லை. எனக்காகத்தானே இவ்வளவும் செய்தார், முதலில் அவர்தான் வருவார் என்று காத்திருந்தேன். நான் செய்ததை மன்னிக்க அவருக்கு மனசு வரவில்லை போல என்று நினைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டது மற்ற பிள்ளைகளுக்காக, தன் பிள்ளையை என்னிடம் இனி விடமாட்டார் என்றும் நினைத்தேன். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று கேட்கவில்லை.

ஞாயிறு ஐந்தரை மணிக்கு நாற்பத்தாறு ஆனது. ஐந்தே முக்காலுக்கு அன்புக்கரசியிடமிருந்து ஒரு வரி வந்தது. "இன்னும் அந்தப் பக்கம் யாராவது நிக்கறாங்களா டீச்சர்?" இல்லை என்று எழுதினேன். ஆறு மணிக்குப் பெருவெளி அடைபட்டது. நம் ஆட்கள் ஒருவருடைய இணைப்பும் அறுபடவில்லை, இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

ஆறு ஐந்துக்கு, என்னைப் பின்தொடர அவருடைய கோரிக்கை வந்தது. எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று பார்த்து, கதவை அடைத்த பிறகுதான் அவர் வந்திருக்கிறார். அதோடு ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். அவர் வாயை மறைத்துக்கொண்டு இரண்டு ஒலி சொல்கிறார், மகிழினி இரண்டு கொட்டை போடுகிறாள்.

நான் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் வந்த பெட்டியில் எழுதியிருந்ததை முழுவதும் படித்துவிட்டு, ஏற்றுக்கொண்டேன்.

பிரிஸ்கி